பேனா உருண்ட பலகை

அத்தியாயம் 7

“பொருந்துது மேடம்! பொருந்திடுச்சு!”

வாலு போட்ட சத்தத்தில் ஹெட்மாஸ்டரின் மூக்குக் கண்ணாடி நழுவி மூக்கு நுனியில் வந்து நின்றது. வாலுவுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. ஆள் உயரத்துக்கு இருந்த ஒரு மெல்லிய பிளைவுட் பட்டையைச் சுவரில் நிமிர்த்தி வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். பட்டையின் ஒரு ஓரம் நேர்கோடு. மறு ஓரம் வளைந்து நெளிந்து நடுவில் வயிறு தள்ளியிருந்தது. அந்த நெளிந்த ஓரம் ஹெட்மாஸ்டர் வீட்டுச் சுவரில் பாந்தமாக உட்கார்ந்துவிட்டது. நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம்கூட இல்லை.

சுவருக்குப் பக்கத்தில், மாடிப்படிக்கு அடியில், வால்நட் நிற மைக்கா ஒட்டிய புத்தம் புது அலமாரி. தரையிலிருந்து படியின் அடிவயிறு வரை தட்டுத் தட்டாக ஷெல்ஃப்.

“இந்த அலமாரிக்குப் பின்னாடி என்ன சார் இருக்கு?” என்று கேட்டார் வக்கீலம்மா.

“சுவர் இருக்கு. வேற என்ன இருக்கும்?” என்றார் ஹெட்மாஸ்டர்.

வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போவதை விட்டுவிட்டுத் துப்பறியும் ஏஜென்சி வைத்தவர். வாலு அவருடைய உதவியாளன். உதவி செய்வதைவிட வாயாடுவது அதிகம் என்பதால் வந்த பெயர் அது. பிணத்தைப் பார்த்தால்கூட ஒரு ஜோக் அடித்துவிட்டுத்தான் மூக்கைப் பொத்துவான். ஆனால் முந்தாநாளிலிருந்து அவன் வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. காணாமல் போயிருப்பவர் அவனுடைய அக்கா புருஷன்.

அவர் ஒரு தச்சர். பலகை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, நடுவில் குமிழி ஓடும் ஒரு கருவியைத் தச்சர்கள் வைத்திருப்பார்களே, ரசமட்டம், அதுதான் அவருக்கும் பட்டப்பெயர். அவர் மாட்டிய ஷெல்ஃபில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். வீட்டோடு சேர்த்துச் செய்யும் அலமாரி என்றால் அந்த வட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இந்தத் தெருவில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் மூன்று பேர், ஒருத்தர் வீட்டில் பார்த்து ஒருத்தர், மாடிப்படிக்கு அடியில் ஒரே நிறத்தில் ஒரே மாதிரி அலமாரி கேட்டிருந்தார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு நகைக்கடை மேனேஜர், இந்த ஹெட்மாஸ்டர்.

முந்தாநாள் காலையில் “இன்னிக்கு முடிச்சிடுவேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. எந்த வீடு என்று சொல்லவில்லை. போன் செத்துக் கிடந்தது. பைக் பஸ் நிலையத்தில் கிடந்தது. “எங்கேயாவது வெளியூர் போயிருப்பார், வந்துடுவார்” என்று போலீஸ் ஸ்டேஷனில் கையைக் கழுவிவிட்டார்கள். ஆனால் ரசமட்டத்துக்குச் சர்க்கரை வியாதி. வேளாவேளைக்கு இன்சுலின் போட்டாக வேண்டும். அந்த மருந்து அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் பத்திரமாக இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் தெருமுனையைத் தாண்டமாட்டார். இனியும் தாமதித்தால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதை வாலு அக்காவிடம் சொல்லவில்லை.

கையில் இருந்த ஒரே துப்பு இந்தப் பட்டைதான். காணாமல் போவதற்கு முந்தின சாயங்காலம் ரசமட்டம் வேலை செய்த வீட்டிலிருந்து கொண்டுவந்து மூலையில் சாத்தி வைத்தது. மரத்தூள்கூட இன்னும் உதிரவில்லை. எந்த வீட்டுச் சுவரும் முழு நேராக இருக்காது. அதனால் அலமாரியின் ஓரப் பலகையைச் சுவரோடு நிறுத்தி வைத்து, கவராயத்தின் ஒரு காலைச் சுவரில் உரசியபடி மேலிருந்து கீழே இழுப்பார். மறுகாலில் இருக்கும் பென்சில் சுவரின் மேடு பள்ளத்தை அப்படியே பலகையில் வரைந்துவிடும். கோட்டோடு அறுத்துத் தள்ளினால் பலகை சுவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். அறுபட்டு விழுந்த மிச்சம் இந்தப் பட்டை.

“ஒவ்வொரு சுவருக்கும் ஒரு நெளிவு. இந்த நெளிவு எந்தச் சுவரோ, உங்க மாமா கடைசியா வேலை செஞ்சது அந்த வீட்ல” என்று வக்கீலம்மா நேற்றுச் சொன்னபோது, வாலுவுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

நேற்று முதல் இரண்டு வீட்டையும் பார்த்துவிட்டார்கள். பல் டாக்டர் வீட்டுச் சுவரில் பட்டை அங்கே இங்கே இடித்துக்கொண்டு நின்றது. நகைக்கடை மேனேஜர் வீட்டில் அதைவிட மோசம். சுவரின் வயிறும் பட்டையின் வயிறும் முட்டிக்கொண்டு, மேலும் கீழும் கையே நுழைகிற அளவுக்குச் சந்து விழுந்தது. ஹெட்மாஸ்டர் ஊரில் இல்லை. இன்று காலையில்தான் வந்தார். வந்ததும் வராததுமாகக் கதவைத் தட்டிவிட்டார்கள்.

“உங்களுக்கு வேலை முடிச்சுக் கொடுத்து எத்தனை நாள் ஆச்சு சார்?”

“நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே முடிஞ்சுதும்மா. காசு வாங்கிட்டு, ஷெல்ஃபுல உடனே கனமா எதையும் அடுக்காதீங்கன்னு என்னை மிரட்டிட்டுப் போனாரு.”

“பொய் சொல்றாரு மேடம்!” வாலுவின் குரல் கீச்சிட்டது. “பட்டை இங்கதான் உட்காருது. எங்க மாமா எங்க?”

“வாலு, கொஞ்சம் பொறு…”

அவன் பொறுக்கவில்லை. அக்கா வீட்டில் கிடந்த ரசமட்டத்தின் பழைய கருவிப் பையிலிருந்து எடுத்து வந்திருந்த சின்னக் கடப்பாரையை அலமாரியின் பின்பலகை இடுக்கில் செருகி நெம்பினான். மைக்கா படீரென்று வெடித்தது. ஹெட்மாஸ்டர் “ஐயோ, ஐயோ” என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் மனைவி, “விடுங்க, உசுரு விஷயம்னு சொல்றாங்கல்ல” என்று புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டார். பின்பலகை பாதியாகப் பிளந்து விழுந்தது.

உள்ளே செங்கல் சுவர். ஒரு பழைய துடைப்பம். தன் வீட்டை இடித்தவனை முறைத்துப் பார்க்கும் ஒரு பல்லி.

வாலு கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். தன் மாமா பார்த்துப் பார்த்து இழைத்த பலகையைத் தானே உடைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“போலீசைக் கூப்பிடுறேன்! இப்பவே கூப்பிடுறேன்!” என்று ஹெட்மாஸ்டர் போனைத் தேடினார்.

“கூப்பிடுங்க சார். தப்பு எங்க மேல. செலவு என்னோடது” என்றார் வக்கீலம்மா. பட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வாலுவை முழங்கையைப் பிடித்து எழுப்பினார்.

அக்கா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்சீட்டில் பட்டையை நட்டுக்க நிறுத்திப் பிடித்தபடி வாலு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் வருவது வக்கீலம்மாவுக்குப் பயமாக இருந்தது.

“ஏதாவது உளறேன்டா. எனக்கு வண்டி ஓட்ட வரமாட்டேங்குது.”

“என்ன மேடம் உளறச் சொல்றீங்க? அக்கா முகத்தை எப்படிப் பார்க்கப் போறேன்னு எனக்கே தெரியல.”

அக்கா தையல் மிஷினில் இருந்தாள். புருஷனைக் காணாதவள் தைத்துக்கொண்டிருக்கிறாளே என்று எதிர்வீட்டுக்காரி வாசலில் முணுமுணுத்தாள். கை சும்மா இருந்தால் அது தன் தலையைப் பிய்த்துக்கொள்ளும் என்று பயந்துதான் அக்கா உட்கார்ந்திருந்தாள். யாருடைய பள்ளிக்கூடச் சட்டையோ. கண்ணில் நீர் நிற்க, கத்தரிக்கோல் மட்டும் கோடு தப்பாமல் போனது. பக்கத்தில் ஒரு ஐஸ் டப்பா. அதில் இன்சுலின் ஊசி. எந்த நிமிடம் சொன்னாலும் எடுத்துக்கொண்டு ஓடத் தயாராக வைத்திருந்தாள்.

தம்பியின் முகத்தை ஒரு முறை பார்த்தாள். மறுபடி குனிந்து துணியை வெட்டினாள். அப்போது அழுகை வந்துவிட்டது.

“டேய், உண்மையைச் சொல்லு. இருக்காராடா?”

“இருக்காருக்கா.”

“எப்படித் தெரியும்?”

வாலு பட்டையைச் சுவரில் சாத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். வக்கீலம்மா அக்காவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், கீழே சிதறிக்கிடந்த துணித் துண்டுகளை அனிச்சையாகப் பொறுக்கி மடியில் போட்டார். ஒரு துண்டு அரைவட்டமாக இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எதுல வெட்டினதும்மா?”

“கழுத்து” என்றாள் அக்கா மூக்கை உறிஞ்சியபடி.

வக்கீலம்மா எழுந்து போய் அந்தத் துண்டின் வளைந்த ஓரத்தை வாலுவின் கழுத்தில் வைத்து அழுத்தினார். அது கழுத்தில் படியாமல் ஒரு புள்ளியில் முட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டது.

“உட்கார மாட்டேங்குதே.”

“அது எப்படி உட்காரும்? சட்டைதான் கழுத்தைச் சுத்தி உட்காரும். அது கழுத்து வர்ற இடத்துல இருந்து வெட்டிப் போட்ட துணி. கழுத்து மாதிரியேதான் இருக்கும். கழுத்தும் கழுத்தும் எப்படி ஒட்டும்?”

வக்கீலம்மாவின் கையில் துண்டு அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி, சுவரில் சாத்தியிருந்த பட்டையைப் பார்த்தார்.

“அட முட்டாளே” என்றார்.

“நான் என்ன மேடம் செஞ்சேன்?”

“உன்னை இல்லடா. என்னைச் சொன்னேன். சுவரோட ஒட்டினது பலகை. இது அதுல இருந்து வெட்டிப் போட்டது. சுவருக்கு எங்க வயிறு தள்ளியிருக்கோ, அங்கதான் இதுக்கும் வயிறு தள்ளும். இது சுவரோட அச்சு. சரியான சுவர்ல வெச்சா இது பொருந்தவே பொருந்தாது!”

வாலு பட்டையின் வயிற்றை விரலால் தடவினான்.

“வயித்தோட வயிறு முட்டினது எந்த வீடு?”

“மேனேஜர் வீடு” என்றான். “ஆனா மேடம், ஹெட்மாஸ்டர் வீட்ல அவ்வளவு கச்சிதமா உட்கார்ந்துச்சே?”

“ஹெட்மாஸ்டருக்குப் பக்கத்து வீடு யாரு? ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். மெல்லிசா, வளைஞ்ச சுவர். மேனேஜர் பக்கம் புடைச்சா ஹெட்மாஸ்டர் பக்கம் குழியத்தானே செய்யும்? நாம சரியான சுவரைத்தான்டா பிடிச்சோம். தப்பான பக்கத்துல நின்னுக்கிட்டு இடிச்சோம்.”

“அங்க பலகையில பேனாவை வெச்சுப் பார்த்தேனே!” வாலு தலையைப் பிடித்துக்கொண்டான்.

நேற்று மேனேஜர் இவர்களை அப்படி உபசரித்தார். “உங்க மாமா போன வாரமே பாதியில விட்டுட்டுப் போயிட்டாருப்பா. மிச்சத்தை வேற ஆள் வெச்சு முடிச்சேன். பட்டையா? தாராளமா வெச்சுப் பாருங்க” என்று சிரித்தபடி விளக்கைக்கூடப் போட்டுக்கொடுத்தார். வாலு தன் பேனாவைக் கீழ்த்தட்டு ஷெல்ஃபில் வைத்தான். பேனா பின்பக்கமாக உருண்டது. உருண்டு, பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் விழுந்து உள்ளே எங்கோ போய்விட்டது. “இது எங்க மாமா வேலையே இல்ல. அவர் கை பட்ட பலகையில பேனா உருளாது” என்று வாலு பெருமையாக அறிவித்துவிட்டு வெளியே வந்துவிட்டான். பேனா போனால் போகிறது என்று.

“போன வாரமே போன ஆளு, முந்தாநாளுக்கு முந்தின சாயங்காலம் அந்தச் சுவரோட பட்டையை எப்படிக் கொண்டு வந்தார்?” என்றார் வக்கீலம்மா செருப்பை மாட்டியபடி. “அலமாரி உங்க மாமா செஞ்சதுதான். அந்த ஒரு ஷெல்ஃபை மட்டும் யாரோ கழட்டிட்டு அவசரத்துல கோணலா மாட்டியிருக்காங்க. எதுக்குக் கழட்டினாங்க?”

அக்கா ஐஸ் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஏற்கனவே வாசலில் நின்றாள்.

மேனேஜர் வீட்டு வாசலில் காரின் டிக்கி திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெட்டி. மூன்றாவது பெட்டிக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தது. பக்கத்து வாசலில் ஹெட்மாஸ்டர் இடுப்பில் கையை வைத்து நின்றார். “வந்துட்டாங்க பாரு, சுவரை உடைக்கிற கூட்டம். போலீஸ் வந்துக்கிட்டு இருக்கு, எங்கயும் ஓடாதீங்க” என்றார்.

“ஓடமாட்டோம் சார். நீங்களும் இங்கயே நில்லுங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்” என்று சொல்லிவிட்டு வக்கீலம்மா நேரே உள்ளே போனார்.

மேனேஜர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி ஹாலுக்கு வந்தார். சிரிப்பு இருந்தது. நேற்றைய அளவுக்கு அகலம் இல்லை.

“வாங்க, வாங்க. ஆள் கிடைச்சாரா?”

“இன்னும் இல்ல சார். என் பேனா உங்க அலமாரிக்குள்ள விழுந்துடுச்சு. எடுத்துட்டுப் போயிடுறேன்” என்றான் வாலு.

“பேனாவா? இந்தாப்பா, என்னோடதை வெச்சுக்க.”

“அது எங்க மாமா வாங்கிக் கொடுத்தது சார்.”

நேற்றுக் காலியாக இருந்த கீழ்த்தட்டில் இன்று பழைய பேப்பர் கட்டுகள், தண்ணீர் கேன்கள், இரும்பு இஸ்திரிப் பெட்டி என்று கனமாக அடைத்திருந்தது. வாலு முதல் கட்டைத் தூக்கி எறிந்தான். மேனேஜர் பாய்ந்து வந்து அவன் தோளைப் பிடித்தார்.

“என்ன மரியாதை இது? அடுத்தவன் வீட்ல…”

“ஒரே ஒரு சந்தேகம் சார்” என்று குறுக்கே வந்து நின்றார் வக்கீலம்மா. “நேத்துப் பட்டையை நாங்க சுவர்ல வைக்கிறதுக்கு முன்னாடியே சிரிச்சீங்களே. பொருந்தாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதை அறுக்கும்போது பக்கத்துல நின்னு பார்த்த ஆளுக்குத்தானே தெரியும்?”

மேனேஜரின் சிரிப்பு காணாமல் போனது. கண் ஒரு முறை அலமாரிக்குப் போனது, ஒரு முறை வாசலுக்குப் போனது. பிறகு காலும் வாசலுக்குப் போனது. அங்கே அக்கா நின்றாள். அவளை ஒரே தள்ளு தள்ளிவிட்டு ஓடினார். ஐஸ் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி அவள் சுவரில் போய் மோதினாள், டப்பாவை விடவில்லை. வெளியே “பிடிங்க சார், அவங்கள்ல ஒருத்தன் ஓடுறான்!” என்று ஹெட்மாஸ்டர் யாரென்று பார்க்காமலே கத்துவதும், ஜீப் கிறீச்சிட்டு நிற்பதும் கேட்டது. அலமாரியை உடைத்தவனைப் பிடிக்க வந்த போலீஸ், எதற்கென்று தெரியாமலே மேனேஜரைப் பிடித்தது.

உள்ளே வாலு ஷெல்ஃபைப் பிடித்து இழுத்தான். இரண்டே ஸ்க்ரூ, அதுவும் பாதி முடுக்கியது. பலகை கையோடு வந்தது. அதற்குப் பின்னால், பின்பலகை என்று நினைத்தது ஒரு குட்டிக் கதவு. கீல் தெரியாமல், இடுக்கு தெரியாமல், ரசமட்டம் உயிரைக் கொடுத்துச் செய்த கதவு. ஷெல்ஃபைக் கோணலாக மாட்டியதில் அதன் ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பேனா நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. மேனேஜரின் கடையில் போன மாதம் கொள்ளை போனதாகச் சொன்ன நகையெல்லாம் அதற்குள் துணி மூட்டையாக இருந்தது. எதற்கு என்று தெரியாமல் கதவைச் செய்தவர், வேலை முடிகிற நாளில் மூட்டையைப் பார்த்துவிட்டார். பார்த்தவரும் உள்ளே இருந்தார்.

படியின் சரிவுக்கு அடியில் உடம்பை மடக்கி, கை கால் கட்டப்பட்டு, வாயில் டேப் ஒட்டி. கண் மூடியிருந்தது. வாலு தொட்டான். அசையவில்லை.

“மாமா. மாமா!”

அக்கா அவனைத் தள்ளிவிட்டு உள்ளே தவழ்ந்தாள். டேப்பைப் பிய்த்தாள். கன்னத்தில் தட்டினாள். “என்னங்க, இங்க பாருங்க. நான்தாங்க. கண்ணைத் திறங்க. திறங்கன்னா திறங்க!” என்று கெஞ்சலும் அதட்டலுமாகச் சத்தம் போட்டாள். வக்கீலம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டபடியே நாடியைப் பிடித்துப் பார்த்தார். “இருக்கு. மெல்லிசா இருக்கு. தண்ணியால உதட்டை நனை. ஊசியை அவங்க வந்து போடட்டும்.”

அக்கா ஈரத் துணியால் உதட்டைத் துடைத்தாள். மறுபடி நனைத்தாள், மறுபடி துடைத்தாள். பிறகு வெடித்த உதடு அசைந்தது. கண் ஒரு கோடாகத் திறந்தது. அக்காவைப் பார்த்தது. அப்புறம் வாலுவைத் தேடிப் பிடித்தது.

கட்டிய கையின் விரல்களுக்கு நடுவில் ஏதோ இருந்தது. வாலு கயிற்றை அறுத்தான். அவனுடைய பேனா.

“நேத்து…” ரசமட்டத்தின் குரல் மரத்தில் ரம்பம் உரசுவது போல வந்தது. “நேத்து இது வந்து விழுந்துச்சு, மாப்ளே. நீ பேசினது கேட்டுச்சு. எனக்குத்தான் அசையக்கூட முடியல.”

வாலுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பேனாவை விட்டுவிட்டு, பெருமை அடித்துக்கொண்டு, இவர் தலைக்கு நேரே நின்று திரும்பிப் போயிருக்கிறான்.

“மன்னிச்சிடுங்க மாமா. இது உங்க வேலையே இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.”

“அதைக் கேட்டுத்தான் உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார் அவர். “பலகை கோணல்னு கண்டுபிடிச்சவன், ஏன் கோணல்னு கேட்டுக்கிட்டு வந்துதானே ஆகணும்.”

ஆம்புலன்ஸின் சத்தம் தெருமுனையில் கேட்டது. அக்கா அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இப்போதுதான் வாய்விட்டு அழுதாள். ரசமட்டம் கண்ணை மூடினார். மறுபடி திறந்தார். கீழே கிடந்த ஷெல்ஃபைக் கண்ணால் காட்டினார்.

“நான் வர்ற வரைக்கும் அதை யாரையும் மாட்ட விடாதே.”

“விடமாட்டேன் மாமா” என்றான் வாலு. “ஆனா பக்கத்து வீட்ல ஒரு அலமாரி உடைஞ்சு கிடக்கு. அதைப் பத்தி நீங்க நல்லாத் தேறி வந்தப்புறம் பேசிக்கலாம்.”

சொல்லி முடித்த பிறகுதான், முந்தாநாளிலிருந்து அவன் அடித்த முதல் ஜோக் அது என்று வக்கீலம்மாவுக்கு உறைத்தது. அவர் சிரிக்கத் திரும்பினார். வாலு பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான்.